உருளைக்கிழங்கு வெட்டுகளும் ஃபிரெஞ்ச் ஃப்ரைஸின் எல்லையும்

உருளைக்கிழங்கை எண்ணெயில் பொரித்து உண்ணும் வழக்கம் பல நாடுகளில் வேரூன்றியிருந்தாலும், அவ்வாறு பொரிக்கப்படும் பண்டங்கள் எல்லாம் ஓரினத்தைச் சேர்ந்தவை அல்ல. மெலிதாகச் சீவிய சிப்ஸ், தோலோடு நீளவாக்கில் பிளந்த வெட்ஜஸ், துருவி உருட்டிய டேட்டர் டாட்ஸ், துளை விழ அரிந்த வாஃபிள் ஃப்ரைஸ், சுருளாகச் சீவிய கர்லி ஃப்ரைஸ் ஆகிய யாவும் ஒரே உணவகத்தின் பட்டியலில் அடுத்தடுத்து இடம்பெறுவதாலும், உறைபதனப் பொட்டலங்களின் மேலட்டையில் பெயர்கள் ஒன்றோடொன்று கலந்து அச்சிடப்படுவதாலும், எது ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ், எது அன்று என்பதில் வாங்குவோருக்கும் சமைப்போருக்கும் தெளிவு குறைந்துவிடுகிறது. எந்தக் கிழங்கை வாங்குவது, எவ்வளவு கனத்தில் அரிவது, எண்ணெய் எவ்வளவு காய வேண்டும், ஒரு முறை பொரிப்பதா இரு முறை பொரிப்பதா என்பவை அனைத்தும் செய்யப்போகும் பண்டம் எந்த இனத்தது என்பதைப் பொறுத்தே முடிவாகின்றன. இனம் தெரியாமல் அடுப்பை மூட்டுகிறவர், சிப்ஸுக்குரிய சூட்டில் கனமான துண்டுகளைப் போட்டு, வெளியே கருகியும் உள்ளே வேகாமலும் எடுக்க நேர்கிறது.

ஒரு பண்டத்தை ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ் என்று ஏற்பதற்கு இந்த இயல் நான்கு நிபந்தனைகளைக் கொள்கிறது. அது அரைக்கப்படாத, மசிக்கப்படாத, முழுக் கிழங்கின் சதையிலிருந்தே வெட்டப்பட்டிருக்க வேண்டும். வெட்டு குச்சி வடிவில், அதாவது அகலத்தைவிட நீளம் மிகுந்தும் பக்கங்கள் ஏறத்தாழ இணையாகவும் அமைந்திருக்க வேண்டும். கொழுப்பிலோ எண்ணெயிலோ முழுக அமிழ்த்திப் பொரிக்கப்பட்டிருக்க வேண்டும். பொரிந்து முடிந்தபின் மொறுமொறுப்பான மேலோடு, மாவாக வெந்த உட்சதை ஆகிய இரண்டும் ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியே உணரப்பட வேண்டும். முதல் மூன்றும் கண்ணால் பார்த்துச் சொல்லத்தக்கவை. நான்காவது வாயிலிட்ட பின்னரே தெரிவது. ஆயினும் நான்காவதே மற்ற மூன்றுக்கும் காரணம் என்பதும், குச்சி வடிவமும் அதன் கனமும் அந்த இரட்டைத் தன்மையைப் பெறுவதற்காகவே நிலைபெற்றன என்பதும் இந்நூலின் துணிபு.

குச்சி வடிவம் நிலைபெற்ற வரலாறு

பெயரும் வடிவமும் தொடக்கம் முதலே ஒன்றாக இருந்தவை அல்ல. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய தாமஸ் ஜெஃபர்சனின் கையெழுத்தில் கிடைத்துள்ள பிரெஞ்சுச் சமையற் குறிப்பொன்று, பச்சை உருளைக்கிழங்கைச் சிறு வில்லைகளாக அரிந்து பொரிக்கும் முறையைக் குறிக்கிறது. 1856-இல் இங்கிலாந்தில் எலைசா வாரன் வெளியிட்ட சமையல் நூலில் 'ஃபிரெஞ்ச் ஃப்ரைடு' என்ற பெயரிலேயே தரப்பட்டுள்ள பண்டமும், இளங்கிழங்கை மெல்லிய வில்லைகளாக்கிப் பொரிப்பதே. ஆகவே அக்காலத்தில் 'பிரெஞ்சு முறை' என்பது வெட்டின் வடிவத்தைவிடப் பொரிக்கும் முறையையே சார்ந்திருந்தது என்று கொள்ள இடமுண்டு. பாரிஸ் நகரில் சேன் ஆற்றின்மேல் உள்ள போன் நெஃப் பாலத்தருகே தெருக் கடைகளில் விற்ற பொரித்த கிழங்கின் நினைவாகவே, கனத்த குச்சிகளுக்குப் பிரெஞ்சுச் சமையற்கலையில் 'போன் நெஃப்' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. பெல்ஜியத்தில் ஃப்ரைட்காட் எனப்படும் சாலையோரப் பொரிகடைகள் ஊர்தோறும் உள்ளன. அங்கு மாட்டுக் கொழுப்பில் இரு முறை பொரிப்பது மரபு. ஃப்ரைஸ் முதலில் தோன்றியது பிரான்ஸிலா பெல்ஜியத்திலா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. சமைப்பவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என்பதால் இங்கு அதை விரிக்க வேண்டியதில்லை.

வில்லை பின்வாங்கிக் குச்சி முன்வந்ததற்குப் பொரிக்கும் பாத்திரத்திலேயே காரணம் இருக்கிறது. வில்லைகளின் தட்டையான முகங்கள், மேற்பரப்பில் கசியும் மாவுச்சத்தின் பிசுபிசுப்பால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இடையே எண்ணெய் புகவிடாமல் தடுக்கின்றன. குச்சிகளோ எப்படி விழுந்தாலும் தம்மிடையே இடைவெளி விட்டுக் கிடப்பதால், ஒரு கூடை நிறையப் போட்டாலும் எண்ணெய் நான்கு பக்கமும் சுற்றிவர வழி கிடைக்கிறது. தெருக் கடையில் ஒரே நேரத்தில் பலருக்குப் பொரித்துக் கொடுக்க வேண்டியவருக்கு இந்த வேறுபாடு பெரிது.

தரநிலைகள் கூறும் இலக்கணம்

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் இணைந்து நடத்தும் கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் ஆணையம், நாடுகளுக்கிடையேயான உணவு வணிகத்துக்குப் பொதுவான இலக்கணங்களை வகுக்கிறது. உறைபதன ஃபிரெஞ்ச் ஃப்ரைஸுக்கென 1981-இல் அது வகுத்த 114-ஆம் எண் தரநிலை, இவ்வியலில் எழுப்பப்பட்ட கேள்விக்கு இதுவரை கிடைத்துள்ள விடைகளில் மிகவும் கறாரானது. சொலானம் டியூபரோசம் என்னும் தாவரவியல் பெயர் கொண்ட உருளைக்கிழங்கின் முற்றிய, நோயற்ற கிழங்குகளைத் தரம்பிரித்து, கழுவி, தோல் சீவி, குச்சிகளாக வெட்டி, உண்ணத்தக்க எண்ணெயிலோ கொழுப்பிலோ பொரித்த பண்டமே ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ் என்று அது வரையறுக்கிறது. நான்கு பக்கமும் வெட்டப்பட்ட குச்சியின் குறுக்குவெட்டு, அதாவது குச்சியை நடுவில் நறுக்கினால் தெரியும் முகத்தின் பக்க அளவு, 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 5 முதல் 8 மி.மீ. வரை உள்ளது 'ஷூஸ்ட்ரிங்', அதற்கு மேல் 12 வரை நடுத்தரம், 16 வரை கனத்த வெட்டு, 16-ஐத் தாண்டினால் மிகப் பெரிய வெட்டு என்று அது நால்வகைப்படுத்துகிறது. பக்கங்கள் வழவழப்பாக இருந்தால் நேர்வெட்டு. இரண்டோ அதற்கு மேற்பட்டோ பக்கங்கள் அலையலையாக இருந்தால் கிரிங்கிள் வெட்டு.

அத்தரநிலையில் குறைபாடுகளைப் பட்டியலிடும் பகுதி, வீட்டில் அரிபவருக்கும் பயன்படும் நுட்பம் கொண்டது. உரிய கனத்தில் பாதி அகலமே உள்ள ஒரு பிளவின் வழியாக நழுவிவிடும் மெல்லிய ஓரத்துண்டு 'சீவல்' என்ற குறைபாடாகவும், 25 மி.மீ. நீளம்கூட இல்லாத துண்டு 'சிறு துண்டு' என்ற குறைபாடாகவும் எண்ணப்படுகின்றன. அதாவது 10 மி.மீ. ஃப்ரைஸ் என்று விற்கப்படும் பொட்டலத்தில் 5 மி.மீ. இடைவெளியில் விழுந்துவிடும் ஓரத்துண்டு, அதே கிழங்கிலிருந்து வந்திருந்தாலும், அதே எண்ணெயில் பொரிந்திருந்தாலும், குறை என்றே கணக்கிடப்படும். ஒரு பொட்டலத்துக்குள் இருக்கும் குச்சிகள் யாவும் ஒத்த குறுக்குவெட்டு உடையவையாக இருக்க வேண்டும் என்ற விதியும் இதே நோக்கத்தைச் சேர்ந்தது.

அமெரிக்க வேளாண் துறையின் தரநிலை இதிலிருந்து வேறுபடுகிறது. பொரித்து உறையவைத்த உருளைக்கிழங்கு என்ற பரந்த தலைப்பின்கீழ் அது குச்சிகளோடு வில்லைகள், கனசதுரத் துண்டுகள், முழுக் கிழங்கு ஆகியவற்றையும் ஃபிரெஞ்ச் ஃப்ரைடு உருளைக்கிழங்கின் வகைகளாகவே ஏற்கிறது. குச்சி என்பதற்குப் பக்கங்கள் ஏறத்தாழ இணையாக இருந்தால் போதும், குறுக்குவெட்டு எவ்வடிவிலும் இருக்கலாம் என்கிறது. ஜெஃபர்சன் காலத்துப் பொருளே அரசாணையில் தொடர்வதாக இதைக் கருதலாம். தரம்பிரித்து விலை நிர்ணயிக்கும் அலுவலருக்கு இத்தகைய விரிந்த இலக்கணம் வசதியானது. அடுப்பருகே நிற்பவருக்கு அது வழிகாட்டாது. 10 மி.மீ. குச்சிக்கும் முழுக் கிழங்குக்கும் ஒரே பெயரைத் தந்தால் அப்பெயர் சூட்டையும் நேரத்தையும் பற்றி எதுவும் சொல்லாமல் போய்விடும். ஆகவே இந்நூல் கோடெக்ஸ் வரையறையையே பின்பற்றுகிறது.

மேலோடும் உட்சதையும்: ஒரு கணக்கு

குறைந்த அளவாக 5 மி.மீ. வைக்கப்பட்டிருப்பது காரணமற்றதன்று என்பதை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். பொரியும்போது கிழங்கின் புறத்தே உள்ள ஈரம் ஆவியாகி வெளியேற, உலர்ந்த மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது, அதுவே மேலோடு. அதன் கனம் எல்லாப் பக்கத்திலும் 1 மி.மீ. என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 15 மி.மீ. குச்சியின் குறுக்குவெட்டில் நான்கில் ஒரு பங்கு மேலோடாகவும் மீதி மூன்று பங்கு உட்சதையாகவும் அமையும். 10 மி.மீ. குச்சியில் மேலோடு 36 சதவீதம், 7 மி.மீ. குச்சியில் ஏறத்தாழ சரிபாதி, 5 மி.மீ. குச்சியில் 64 சதவீதம். கனம் 3 மி.மீ. ஆகும்போது மேலோடு 89 சதவீதத்தை எட்டி, நடுவே ஒரு நூலிழை அளவுக்கே சதை மிஞ்சுகிறது, 2 மி.மீ. குச்சியில் சதை என்ற ஒன்றே இல்லை. பிரெஞ்சுச் சமையலில் 'பாய்' என்றும் 'அலுமெத்' என்றும் வழங்கும் மிக மெல்லிய குச்சிகள் முழுக்க மொறுமொறுப்பாக மட்டும் இருப்பதன் காரணம் இதுதான். வடிவத்தால் ஃப்ரைஸுக்கு நெருங்கியவையாயினும், தன்மையால் அவை சிப்ஸின் உறவுகள்.

இதே கணக்கு வில்லையை ஏன் விலக்க வேண்டும் என்பதையும் காட்டுகிறது. 10 மி.மீ. கனமுள்ள வில்லையில் மேலோடு பெரும்பாலும் மேலும் கீழுமாக இரண்டு முகங்களிலேயே அமைவதால் அதன் பங்கு 20 சதவீதத்தைச் சற்றே தாண்டும்; அதே கனமுள்ள குச்சியில் கிடைப்பதில் பாதியைச் சற்று மிஞ்சும் அளவே. கனத்தைக் குறைத்து மேலோட்டைக் கூட்ட முயன்றால் உட்சதை மறைந்து வில்லை சிப்ஸாகிவிடுகிறது. இரண்டும் ஒருசேரக் கிடைப்பது நான்கு பக்கமும் வெட்டுண்ட குச்சியில்தான்.

வெப்பம் உட்புகும் வேகத்தையும் இத்துடன் சேர்த்து எண்ண வேண்டும். புறத்திலிருந்து நடுப்பகுதிக்கு வெப்பம் சென்று சேரும் நேரம் கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது கனம் இரட்டித்தால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். 7 மி.மீ. குச்சியும் 14 மி.மீ. குச்சியும் ஒரே வாணலியில் கிடந்தால், முன்னது கருகும் வேளையில் பின்னதன் நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். ஒரு பொட்டலத்தில் ஒரே கனம் என்ற கோடெக்ஸ் விதி, பொரிப்பவரின் இந்த இடரைத் தவிர்ப்பதற்கே பயன்படுகிறது.

எண்ணெய் குடிக்கும் அளவும் கனத்தோடு தொடர்புடையதே. பொரியும்போது உள்ளிருந்து வெளியேறும் நீராவி எண்ணெயை உள்ளே விடாமல் தள்ளிக்கொண்டிருக்கிறது. துண்டை வெளியே எடுத்தபின் ஆவி குளிர்ந்து சுருங்க, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய் அப்போதுதான் பெருமளவில் உள்ளே இழுக்கப்படுகிறது. மேற்பரப்பு மிகுந்த சிப்ஸில் கொழுப்பு எடையில் மூன்றிலொரு பங்கை எட்டுவதும், ஃப்ரைஸில் அது ஏறத்தாழ 15 சதவீத அளவில் நிற்பதும் இதனாலேயே. எடுத்த உடனே ஜல்லிக்கரண்டியை நன்கு உதறி எண்ணெயை வடிப்பது, ஆற விட்டபின் காகிதத்தில் ஒற்றி எடுப்பதைவிடப் பயனுள்ளது.

குடும்பத்துக்குள் அடங்குபவை

ஷூஸ்ட்ரிங் வகை விரைவு உணவுக் கடைகளில் மிகப் பரவலானது. மேலோடு பாதிப் பங்கு அமைவதால் சூடாக இருக்கும்போது மிக நன்றாகவும், ஆறினால் விரைவில் துவண்டும் போகும். ஏறத்தாழ 10 மி.மீ. நேர்வெட்டே பல நாடுகளில் ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ் என்ற பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது. பெல்ஜியக் கடைகளின் வெட்டு இதற்குச் சற்று மேலே. இங்கிலாந்தில் பொரித்த மீனோடு தரும் 'சிப்ஸ்' கனத்த வெட்டைச் சேர்ந்தது. அந்நாட்டில் மெல்லிய வில்லைக்கு 'க்ரிஸ்ப்ஸ்' என்று பெயர். தமிழ்நாட்டில் சிப்ஸ் என்றால் வில்லையையே குறிப்பதால், உணவகங்கள் குச்சிகளை நெடுங்காலம் 'ஃபிங்கர் சிப்ஸ்' என்று பிரித்து எழுதிவந்தன. பழைய பட்டியல்களில் அப்பெயரைக் காண்பவர் அதை ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ் என்றே கொள்ளலாம். போன் நெஃப், ஸ்டேக் ஃப்ரைஸ் ஆகியவை கனத்தின் மேல் எல்லையில் நிற்பவை. அங்கே மேலோடு மெலிந்து சதை மேலோங்கிவிடுவதால், இரு முறை பொரிக்காவிட்டால் இவை வெறும் வெந்த கிழங்காகவே முடியும்.

கிரிங்கிள் வெட்டில் அலைவரிகள் மேற்பரப்பைக் கூட்டுகின்றனவே தவிர உட்சதையைப் போக்குவதில்லை. அதை ஏற்பதில் தடையில்லை. கர்லி ஃப்ரைஸ் சற்றே வாதத்துக்குரியது: சுருளாகச் சீவப்பட்டாலும், சுருளை விரித்துப் பார்த்தால் அது ஒரு நீண்ட குச்சியே, பக்கங்களும் இணையாகவே ஓடுகின்றன. குச்சி நேராக இருக்க வேண்டும் என்று வரையறை கோராததால் அதையும் உள்ளே சேர்ப்பதே முறை. ஆனால் பல கடைகளில் அதன்மேல் மசாலா மாவுப் பூச்சு கனமாக ஏறியிருக்கும். அப்போது மொறுமொறுப்பைத் தருவது கிழங்கின் மேலோடா மாவின் மேலோடா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எல்லையில் நிற்பவையும் வெளியே நிற்பவையும்

வாஃபிள் ஃப்ரைஸை முடிவு செய்வதே மிகக் கடினம். பிரெஞ்சுச் சமையற்கூடத்தில் 'கோஃப்ரெத்' எனப்படும் இவ்வெட்டு, மேண்டலின் என்னும் சீவுபலகையின் அலைவாய்ப் பட்டியில் கிழங்கை ஒருமுறை இழுத்து, அடுத்த இழுப்புக்குக் கால் வட்டம் திருப்பி, மீண்டும் இழுப்பதால் உண்டாவது. இரு பக்க வரிகளும் குறுக்கிடும் இடத்தில் கிழங்கு துளைபடுகிறது. அடிப்படையில் இது வில்லையே. மெலிதாகச் சீவினால் ஐயமின்றிச் சிப்ஸ். அமெரிக்கக் கடைகளில் விற்கும் கனத்த வாஃபிளிலோ துளைகளைச் சுற்றியுள்ள சட்டங்கள் ஒவ்வொன்றும் சிறு குச்சியாகவே செயல்பட்டு, மேலோட்டையும் சதையையும் ஒருங்கே தருகின்றன. வடிவ நிபந்தனையில் தோற்று, தன்மை நிபந்தனையில் வெல்லும் இதை ஃப்ரைஸின் கிளை இனம் என்று தனியே வைப்பதே நேர்மையானது.

வெட்ஜஸில் அத்தகைய ஐயம் இல்லை. மாங்காய்க் கீற்றைப் போல் ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் தோலோடு பருத்தும் இருக்கும் இத்துண்டில் எந்த இரு பக்கமும் இணையாக இல்லை. கூர்முனை மொறுமொறுப்பாகும்போது பருத்த பக்கம் அப்போதுதான் வேகத் தொடங்கியிருக்கும். எண்ணெயில் பொரிக்காமல் அவன் (oven) அடுப்பில் இதை வாட்டுவதும் உண்டு. சுவையான பண்டம்தான், ஆனால் ஃப்ரைஸ் அன்று.

டேட்டர் டாட்ஸின் பிறப்பே ஃப்ரைஸின் கழிவிலிருந்து நிகழ்ந்தது. அமெரிக்காவின் ஓர்-ஐடா நிறுவனத்தில் குச்சிகளை வெட்டியபின் மிஞ்சிய சீவல்களை வீணாக்க மனமில்லாத கிரிக் சகோதரர்கள், 1953-இல் அவற்றைப் பொடியாக நறுக்கி, மாவும் சுவையூட்டியும் சேர்த்து, சிறு உருளைகளாக அழுத்திப் பொரிக்கும் முறையைக் கண்டனர். ஹாஷ் பிரவுன், கிராக்கெட், சிரித்த முகவடிவில் வரும் துண்டுகள் ஆகியவையும் இவ்வாறே உடைத்துச் சேர்த்த பண்டங்கள். முழுக் கிழங்கின் சதையில் உயிரணுக்கள் ஒன்றையொன்று பற்றியிருப்பதால் வெந்தபின்னும் துண்டு நிலைகொள்கிறது. உடைத்துச் சேர்த்ததில் அப்பிடிப்பைப் பிசின்போன்ற மாவுச்சத்து ஏற்க வேண்டியிருக்கிறது. வாயில் வேறுபாடு உடனே தெரியும்.

உலர்த்திய உருளைக்கிழங்கு மாவைப் பிசைந்து வார்த்த பண்டங்கள் எந்தப் பெயருக்குரியவை என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. பிரிட்டனில் பிரிங்கிள்ஸ் வரி விதிப்புக்குரிய உருளைக்கிழங்கு க்ரிஸ்ப்ஸ் வகையில் சேருமா என்ற வழக்கில், உருளைக்கிழங்கின் பங்கு ஏறத்தாழ 42 சதவீதமே என்பதால் அது சேராது என்று 2008-இல் உயர் நீதிமன்றமும், சேரும் என்று 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. அமெரிக்காவில் 2004-இல், மாவுப்பூச்சிட்ட உறைபதன ஃப்ரைஸை அழுகும் வேளாண் பொருள்கள் பற்றிய 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கத்துக்காகப் புதிய காய்கறியாகக் கருதலாம் என்ற வேளாண் துறையின் விதியைக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று ஏற்றது. முன்னது வரி வசூலுக்காகவும், பின்னது விற்றவருக்கு வர வேண்டிய பணத்தைக் காப்பதற்காகவும் எழுந்தவை. இவ்விரு தீர்ப்புகளையும் சமையல் இலக்கணமாக எடுத்துக்கொள்வது அவற்றுக்கும் நியாயமாகாது.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மரவள்ளிக் கிழங்கு ஆகியவற்றைக் குச்சியாக அரிந்து பொரிப்பவற்றை அவ்வக் கிழங்கின் பெயரோடு சேர்த்தே வழங்க வேண்டும். சர்க்கரைவள்ளி உருளையின் குடும்பத்தையே சேர்ந்ததன்று. அதில் சர்க்கரை மிகுந்திருப்பதால் மேலோடு உறுதிப்படும் முன்பே நிறம் கறுத்துவிடும். ஏர் ஃப்ரையரைப் பொறுத்தவரை, உறைபதனக் குச்சிகள் ஆலையிலேயே ஒரு முறை எண்ணெயில் பொரிந்து வந்தவை என்பதால், வீட்டில் சூடான காற்றில் முடித்தாலும் அவை ஃப்ரைஸே. பச்சைக் கிழங்கை எண்ணெய் தடவி அதே கருவியில் வைத்தால் கிடைப்பது வாட்டிய கிழங்கு.

கிழங்கும் கத்தியும்

ஃப்ரைஸுக்கு மாவுத்தன்மை மிகுந்த, உலர்பொருள் 20 சதவீதமேனும் உள்ள கிழங்கு வேண்டும். நீர் மிகுந்த கிழங்கில் உட்சதை மாவாக வெந்து நிற்காமல் குழைந்து, மேலோட்டையும் இளக்கிவிடும். அமெரிக்காவில் ரசெட் பர்பேங்க், பெல்ஜியத்தில் பின்ட்யே, இங்கிலாந்தில் மாரிஸ் பைப்பர் ஆகிய இரகங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. இந்தியாவில் சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம், குஃப்ரி சிப்சோனா இரகங்களைச் சிப்ஸுக்காகவும் குஃப்ரி ஃப்ரைசோனாவை நீண்ட கிழங்கு தேவைப்படும் ஃப்ரைஸுக்காகவும் உருவாக்கியது. சில்லறைக் கடையில் இரகத்தின் பெயர் தெரிவதில்லையாதலால், உப்புநீரில் சோதிப்பதே எளிது: 11 கப் தண்ணீரில் 1 கப் உப்பைக் கரைத்துக் கிழங்கை இட்டால், மாவுத்தன்மை மிகுந்தது அமிழும், நீர் மிகுந்தது மிதக்கும்.

குளிர்பதனக் கிடங்கிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ 6 பாகை செல்சியஸுக்குக் கீழே வைக்கப்பட்ட கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். அது பொரியும்போது உரிய நேரத்துக்கு முன்பே கருமை ஏறுவதோடு, சர்க்கரையும் அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலமும் உயர்சூட்டில் சேர்ந்து அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருளையும் மிகுவிக்கின்றன. உணவில் இப்பொருள் உண்டாவதை 2002-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் வகுத்த ஒழுங்குமுறை, உண்ணத் தயாரான ஃப்ரைஸுக்குக் கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் என்ற அளவை அடையாளமாக வைத்து, 175 பாகைக்குக் குறைந்த சூட்டில் பொரிக்கவும் அறிவுறுத்துகிறது. மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வரும் நீலகிரிக் கிழங்கில், கிடங்கு காணாமல் நேரே வந்த முற்றிய கிழங்கைப் பொறுக்கி எடுப்பது நல்லது. கிடங்குக் கிழங்கே கிடைத்தால், இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் அறைச் சூட்டில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் சர்க்கரை ஓரளவு குறையும்.

8 முதல் 10 செ.மீ. நீளமுள்ள கிழங்கின் தோலைச் சீவி, நான்கு பக்க வளைவையும் நீளவாக்கில் அரிந்து எடுத்து, அதை நேரான கட்டையாக்கிக்கொள்ள வேண்டும். கட்டையை 10 மி.மீ. கனத்தில் பலகைகளாக அரிந்து, இரண்டு மூன்று பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மீண்டும் 10 மி.மீ. இடைவெளியில் அரிந்தால் சதுரக் குச்சிகள் கிடைக்கும். அடுக்கி அரியும்போது கத்தி ஒருபக்கம் சாய்ந்தால் அடியிலுள்ள குச்சிகள் ஆப்புப்போல் ஒரு முனை பருத்துவிடுவதால், கத்தியின் முனையை வெட்டுப்பலகையில் ஊன்றிக்கொண்டு அரிவது பாதுகாப்பானது. ஆலைகளில் இதே வேலையை, 1960-இல் லாம்ப் வெஸ்டன் நிறுவனம் கண்ட நீர்த்துப்பாக்கிக் கத்தி செய்கிறது: நீரோட்டத்தில் விரைந்து வரும் கிழங்கு தானே நீளவாக்கில் திரும்பிக்கொண்டு, குழாய்க்குள் குறுக்காகப் பொருத்திய கத்திச் சட்டங்களின் ஊடே பாய்ந்து ஒரு நொடியில் குச்சிகளாகிறது.

குச்சிகளைத் தண்ணீர் தெளியும்வரை அலசி, குளிர்ந்த நீரில் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஊறவைத்தால் மேற்பரப்பு மாவுச்சத்தும் சர்க்கரையும் கரைந்து போகும். பின்னர் துணியில் பரப்பி ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் எண்ணெய் பொங்கித் தெறிக்கும் என்பதோடு சூடும் இறங்கிவிடும். முதற்பொரிப்பில் எண்ணெய் 150 பாகை அளவில் இருக்க, குச்சிகளைச் சிறிது சிறிதாக இட்டு ஐந்து ஆறு நிமிடம் நிறம் ஏறாமல் வேகவிட வேண்டும். ஒரு குச்சியை எடுத்து விரல்களிடையே அழுத்தினால் எதிர்ப்பின்றி நசுங்குவதே பதம். அரை மணி நேரம் தட்டில் ஆறவிட்ட பின்பு, 175 பாகையை நெருங்கிய எண்ணெயில் இரண்டாம் முறை இட்டு, பொன்னிறம் வரும்வரை இரண்டு மூன்று நிமிடம் பொரிக்க வேண்டும். முதற்பொரிப்பு உட்சதைக்கும் இரண்டாவது மேலோட்டுக்கும் உரியவை, 7 மி.மீ. குச்சிக்கு இரு நேரங்களையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். சலசலப்பு அடங்கி, எண்ணெயில் குமிழிகள் சிறுத்துப்போவது எடுக்க வேண்டிய வேளையைக் காட்டும். உப்பை எடுத்த உடனே, சூடு ஆறுவதற்குள் தூவ வேண்டும். பொரிக்கும் முன் தூவினால் ஈரத்தை வெளியே இழுத்து எண்ணெயையும் கெடுக்கும்.

பக்கங்களைச் சதுரமாக்கும்போது விழுந்த வளைவுத் துண்டுகளை அதே எண்ணெயில் குச்சிகளோடு இடக் கூடாது. அவை முதலில் கருகி, அவற்றின் துகள்கள் எண்ணெயின் அடியில் தங்கி அடுத்த ஈட்டுக்கும் கசப்பேற்றும். அவற்றைத் தனியே வேகவைத்து மசித்தால் போண்டாவுக்கோ கட்லெட்டுக்கோ ஆகும்.